நாடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கலாமா?

மனநலம்: வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பதற்றத்தைப் பற்றியவை. ஒன்றையொன்று தொட்டுச் செல்லும் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுதியவர்களின் பெயர்களும் அடையாளங்களும் தவிர்க்கப்பட்டுள்ளன.

என் வயது முப்பத்தெட்டு. வங்கி ஒன்றில் பணிபுரிகிறேன். சென்ற ஆண்டு நெரிசலான பேருந்தில் நின்றுகொண்டு வரும்போது திடீரென்று நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல் நுனிகள் மரத்துப்போய், இதோடு முடிந்தோம் என்று நினைத்துவிட்டேன். மருத்துவமனையில் ஈ.சி.ஜி., எக்கோ, இரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்துப் பார்த்து, 'ஒன்றுமில்லை, டென்ஷன்தான்' என்று அனுப்பிவிட்டார்கள். அதன்பின் பலமுறை வந்துவிட்டது. இப்போது கைப்பையில் ஆக்ஸிமீட்டரும் (விரலில் மாட்டினால் இரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் கருவி) தண்ணீர் பாட்டிலும் இல்லாமல் வெளியே கிளம்புவதில்லை. பேருந்தை விட்டாயிற்று, கணவர்தான் வண்டியில் கொண்டுபோய் விடுகிறார். 'உன்னை நீயே கவனி, சரியாகிவிடும்' என்கிறார்கள். நான் கவனித்துக்கொண்டேதான் இருக்கிறேன். பதற்றம் கூடுகிறதே ஒழியக் குறையவில்லை. ஏன்? — வாசகி, ஈரோடு

சகோதரி, நீங்கள் கவனிப்பது உங்கள் இதயத் துடிப்பை. நீங்கள் கவனிக்க வேண்டியதோ, அந்தத் துடிப்பைக் கண்டதும் உங்கள் மனம் என்ன சொல்கிறது, கை எதை நோக்கிப் போகிறது என்பதை. இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால்தான், தன்னைத் தீவிரமாகக் கவனிக்கிறவர்களில் பலர் மேலும் மேலும் பதறுகிறார்கள்.

அன்று பேருந்தில் நடந்ததை முதலில் உடலின் பக்கமிருந்து பார்ப்போம். ஆபத்து என்று மூளை ஐயுற்ற உடனே அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. இதயம் விரைகிறது, மூச்சும் வேகம் பிடிக்கிறது. ஓட வேண்டிய நிலையில் இருப்பவருக்கு அந்த மூச்சு செலவாகிவிடும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்பவருக்கு அது தேவைக்கு மிஞ்சிய மூச்சு. அதனால் இரத்தத்திலுள்ள கார்பன் டை ஆக்ஸைடு அளவுக்கு மேல் வெளியேறி, இரத்தத்தின் காரத்தன்மை சற்றே கூடுகிறது; விரல் நுனியிலும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போவது அதன் விளைவு. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சிறிது சுருங்குவதால் தலை கிறுகிறுக்கிறது. மூச்சு போதவில்லை என்று நீங்கள் தவிக்கும் அந்த நேரத்தில், உண்மையில் வேண்டியதைவிட அதிகமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறீர்கள். ஆக்ஸிமீட்டர் ஒவ்வொரு முறையும் 98, 99 என்றே காட்டுவதில் வியப்பில்லை.

மயங்கி விழுந்துவிடுவோம் என்ற அச்சம் பலருக்கு உண்டு. மயக்கம் பெரும்பாலும் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால் வருவது. பீதியின்போதோ அழுத்தம் ஏறுகிறது. (இரத்தத்தையோ ஊசியையோ கண்டால் மயங்குகிறவர்கள் தனி வகை, அவர்களுக்கு அழுத்தம் இறங்கத்தான் செய்கிறது.) பீதியின் உச்சம் பொதுவாகப் பத்து நிமிடங்களுக்குள் வந்துவிடும், அதன்பின் தானாகவே இறங்கத் தொடங்கும். அரை மணி நேரத்துக்குப் பிறகும் நீடிப்பது பெரும்பாலும் களைப்பும், மறுபடி வருமோ என்ற அச்சமும்தான்.

இனி மனத்தின் பக்கம். டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1986இல் இதை விளக்கி எழுதினார். உடலில் ஏற்படும் சாதாரண மாறுதல் ஒன்றைப் பேராபத்தின் அறிகுறி என்று மனம் பொருள்கொள்கிறது. அந்தப் பொருளே அச்சத்தைக் கூட்டுகிறது. கூடிய அச்சம் உடல் மாறுதலை மேலும் பெருக்குகிறது. பெருகியதைக் கண்டு, 'நான் நினைத்தது சரிதான்' என்று மனம் உறுதிகொள்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம்மவர்கள் சொன்னதும் இதைத்தான்; இங்கே இருட்டு வெளியில் இல்லை, நெஞ்சுக்குள் இருக்கிறது என்பது மட்டுமே வேறுபாடு.

இந்தச் சுழலில் உங்கள் கைப்பைக்கு ஒரு பங்கு உண்டு. ஆக்ஸிமீட்டர், தண்ணீர் பாட்டில், கணவரின் துணை ஆகியவை தனித்தனியே பார்த்தால் கெடுதல் எதையும் செய்யாதவை. ஆனால் எதுவும் நேராமல் வீடு திரும்பும் ஒவ்வொரு நாளும், 'ஆபத்து எதுவும் இல்லை' என்று கற்றுக்கொள்வதற்குப் பதிலாக, 'இவையெல்லாம் இருந்ததால் தப்பினேன்' என்றே மனம் கற்றுக்கொள்கிறது. நூறு நாள் பத்திரமாகப் போய்வந்தாலும் நூற்றோராம் நாள் அச்சம் குறையாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

ஆகவே ஒரு சிறிய நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். பதற்றம் வந்த ஒவ்வொரு முறையும் எங்கே இருந்தீர்கள், உடலில் என்ன நடந்தது, மனத்தில் ஓடிய வாசகம் எது, உடனே என்ன செய்தீர்கள், கடைசியில் உண்மையாக என்ன நேர்ந்தது என்பதை மட்டும் சுருக்கமாக எழுதுங்கள். ஒரு பதிவு இப்படி இருக்கலாம்: 'செவ்வாய், காலை 9.50, அலுவலக மாடிப்படி. நெஞ்சு அடித்துக்கொண்டது. மறுபடியும் வரப்போகிறது என்று தோன்றியது. கழிவறைக்குப் போய் விரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டினேன், 98. ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் மாட்டினேன். ஒன்றும் ஆகவில்லை.' இதை அன்று மாலை நிதானமாகப் படித்துப் பார்த்தால் இரண்டு செய்திகள் கண்ணில் படும். இரண்டு மாடி ஏறினால் எவருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்யும் என்பது ஒன்று. 98 என்று கண்ட பிறகும் உங்கள் மனம் ஐந்து நிமிடத்துக்கு மேல் அதை நம்பவில்லை என்பது மற்றொன்று. இரண்டாவதுதான் முக்கியம்; எண்ணைப் பார்த்து அடங்குகிற ஐயம் அல்ல இது என்பதை உங்கள் கையெழுத்தே உங்களுக்குக் காட்டிவிடுகிறது.

எழுதுவதோடு நிறுத்திக்கொண்டால் பயன் குறைவு. விட்டுவிட்ட பேருந்துக்குத் திரும்ப வேண்டும். ஆனால் ஒரே நாளில் அல்ல. கூட்டமில்லாத மதிய வேளையில் ஒரே ஒரு நிறுத்தம் சென்று இறங்கலாம். முதலில் கணவர் உடன் வரட்டும். அடுத்து, வண்டியில் முன்னே போய் இறங்குமிடத்தில் நிற்கட்டும். பிறகு அவர் வராமல் இருக்கட்டும். ஆக்ஸிமீட்டர் முதலில் வீட்டில் தங்கட்டும், பாட்டில் அப்புறம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது பாதியில் இறங்கி ஓடிவிட்டால், ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மனம் பதிந்துகொள்ளும். அது ஏறி, தானாக இறங்கத் தொடங்கும்வரை அங்கேயே நிற்பதுதான் பயிற்சி. மருத்துவர் தடை சொல்லவில்லையென்றால், வேண்டுமென்றே விரைந்து படியேறி நெஞ்சைப் படபடக்கவிட்டு, அந்தப் படபடப்போடு சும்மா நின்று பார்ப்பதும் உளவியலாளர்கள் கையாளும் முறைகளில் ஒன்று. தேர்ந்த உளவியலாளர் ஒருவரின் மேற்பார்வையில் இவற்றைச் செய்தால் விரைவாக முன்னேறலாம்.

உங்கள் கணவருக்கும் ஒரு சொல். அன்பினால்தான் கொண்டுபோய் விடுகிறார். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 'உனக்கு ஒன்றும் ஆகாது' என்று நாளுக்குப் பத்து முறை சொல்வதைவிட, 'பதற்றமாக இருக்கிறதா, சரி, நாம் இங்கேயே நிற்போம்' என்று ஒருமுறை சொல்வது கூடுதல் உதவி.

ஒரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. பழகிய படபடப்பைப் போல் இல்லாமல், உழைப்பின்போது வரும் நெஞ்சுவலி, கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்த்துக் கொட்டி நெஞ்சை அழுத்தும் உணர்வு ஆகியவை தோன்றினால் பதற்றம் என்று நீங்களே முடிவுகட்டாமல் 108ஐ அழையுங்கள். பழைய ஈ.சி.ஜி. என்றென்றைக்குமான சான்றிதழ் ஆகாது.

மகன் அபுதாபியில் வேலை செய்கிறான். கைப்பேசியை எடுக்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. வாட்ஸ்அப்பில் கடைசியாக எப்போது வந்தான் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். அவன் பேசிவிட்டால் நிம்மதி. ஆனால் ஒரு மணி நேரம்கூட நிற்பதில்லை. அவனோ எரிச்சல் அடைகிறான். பெற்ற பாசம் தவறா? — ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ஐயா, பாசத்தில் தவறு காண யாராலும் முடியாது. கேள்வி பாசத்தைப் பற்றியதே அல்ல. மகனின் குரலைக் கேட்டதும் வந்த நிம்மதி ஏன் ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடுகிறது என்பதைத்தான் நீங்கள் ஆராய வேண்டும்.

'அவனுக்கு எதுவும் நேராது' என்ற உறுதி உங்களுக்கு வேண்டியிருக்கிறது. அந்த உறுதியை உலகில் எந்தத் தொலைபேசி அழைப்பாலும் தர முடியாது. அழைப்பு தருவது, 'பேசிய அந்த நிமிடம் நன்றாக இருந்தான்' என்ற செய்தியை மட்டுமே. வைத்த மறுநிமிடம் ஐயம் புதிதாகத் தொடங்குகிறது. இதற்கு ஓர் உருவகம் சொல்வதானால், உப்புநீரால் தாகம் தணிக்கப் பார்ப்பதைப் போன்றது. உறுதி தேடித் தேடி ஐயத்தை அடக்கப் பழகிய மனம், ஐயத்தைத் தாங்கும் வலுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழந்துவிடுகிறது.

கைப்பேசியை எடுக்கும் கையை அந்த நேரத்தில் கவனியுங்கள். அழைக்க வேண்டும் என்ற உந்துதல் எழுந்ததும் பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் வயிற்றில் என்ன செய்கிறது, எந்தக் காட்சி மனத்தில் ஓடுகிறது, சாலை விபத்தா, மருத்துவமனைக் கட்டிலா என்று பார்த்துக்கொண்டிருங்கள். அடுத்த வாரம் இருபது நிமிடமாக்குங்கள். மகனோடு பேசி, நாள்தோறும் அவனுக்கு வசதியான ஒரு நேரத்தை வைத்துக்கொண்டு, அவசரம் இல்லாவிட்டால் மற்ற நேரங்களில் அழைப்பதில்லை என்று ஒப்புக்கொள்ளலாம். முதல் சில நாட்கள் கடினமாகத்தான் இருக்கும். அதன்பின் பேச்சின் சுவையே மாறுவதைக் காண்பீர்கள்; இப்போது உங்கள் உரையாடல்களில் பெரும்பகுதி 'ஏன் எடுக்கவில்லை' என்பதற்கே செலவாகிறது.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு இரண்டாம் முறை தயாராகிறேன். தேர்வுக் கூடத்தில் கை நடுங்கி, தெரிந்ததும் மறந்துவிடுகிறது. பதற்றத்தை முழுவதுமாக ஒழிப்பது எப்படி? — மாணவர், மதுரை

முழுவதுமாக ஒழிக்கும் முயற்சியை விட்டுவிடுங்கள். அது நடக்காது, நடக்கவும் வேண்டாம். 1908இல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் சுண்டெலிகளைக் கொண்டு செய்த சோதனையில், கடினமான பாடத்தைக் கற்பதற்கு மிகக் குறைந்த தூண்டுதலும் உதவவில்லை, மிகக் கூடுதலானதும் உதவவில்லை, நடுத்தரமானதே உதவியது. எலிகளிடம் கண்டதை அப்படியே மனிதர்மேல் ஏற்றிவைத்து மேடைதோறும் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆயினும் ஓரளவு விறுவிறுப்பு இல்லாமல் எவரும் நன்றாகத் தேர்வு எழுதியதில்லை என்பது அனுபவத்தில் நாம் அறிந்ததுதான்.

இன்னும் பயன்படக்கூடிய ஆய்வு ஒன்று 2014இல் வெளிவந்தது. ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்த அலிசன் உட் புரூக்ஸ் நடத்திய அந்த ஆய்வில், மேடைப் பேச்சுக்கு முன் 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட, 'நான் உற்சாகமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள் சிறப்பாகப் பேசினார்கள். இதற்கான காரணம் எளிது: படபடக்கும் உடலை அமைதிப்படுத்துவது கடினம், அதே படபடப்புக்கு வேறொரு பொருள் கொடுப்பது அவ்வளவு கடினமன்று.

நடைமுறையில் உங்களுக்கு வேண்டியது ஒத்திகை. குரூப் 4இல் 200 கேள்விகள், மூன்று மணி நேரம். வீட்டில் தேநீரோடும் மின்விசிறியோடும் துண்டு துண்டாகப் படித்த மனம், கூடத்தில் கடிகாரத்தைப் பார்த்ததும் மிரளுகிறது. வாரம் ஒருமுறை ஏதாவது நூலகத்தில், அறிமுகமில்லாதவர்கள் நடுவே, காலை 9.30 முதல் 12.30 வரை எழுந்திருக்காமல் ஒரு முழு மாதிரித் தேர்வை ஓ.எம்.ஆர். தாளிலேயே எழுதிப் பாருங்கள். தெரியாத கேள்விகள் வரிசையாக வரும்போது பேனா நிற்கிறதல்லவா, அந்த இடத்தில் மனம் என்ன சொல்கிறது என்று ஓரத்தில் இரண்டு சொல் குறித்துவையுங்கள். 'அப்பா என்ன சொல்வார்' என்பதுபோல் ஏதாவது இருக்கும். கூடத்தில் அதே வாசகம் வரும்போது, பழைய ஆள் வந்துவிட்டார் என்று அறிந்துகொண்டு அடுத்த கேள்விக்குப் போக முடியும்.

என்னைப் பற்றி நிறையச் சிந்திக்கிறேன், நாட்குறிப்பும் எழுதுகிறேன். 'நான் ஏன் இப்படி இருக்கிறேன்' என்று இரவு இரண்டு மணிவரை யோசிக்கிறேன். தன்னை அறிந்தால் வளரலாம் என்கிறார்கள். எனக்குத் தூக்கம் கெட்டதுதான் மிச்சம். — மென்பொருள் பணியாளர், கோயம்புத்தூர்

இரவு இரண்டு மணிக்கு நடப்பது பெரும்பாலும் விசாரணை. அதில் நீங்களே குற்றவாளி, நீங்களே வழக்கறிஞர், தீர்ப்பும் முன்பே எழுதப்பட்டுவிட்டது. 'ஏன் இப்படி இருக்கிறேன்' என்ற கேள்விக்கு அந்நேரத்து மனம் தரும் விடைகள் எல்லாம் 'நான் சரியில்லாதவன்' என்ற ஒரே விடையின் பல வடிவங்கள். அதற்குப் பதிலாக, பகல் வெளிச்சத்தில், 'இன்று எதைச் செய்யாமல் தவிர்த்தேன்' என்று கேட்டுப் பாருங்கள். மேலாளருக்கு அனுப்ப வேண்டிய மின்னஞ்சலை நான்கு முறை திருத்தி அனுப்பாமல் விட்டது, கூட்டத்தில் தெரிந்த விடையைச் சொல்லாமல் மைக்கை அணைத்தே வைத்திருந்தது என்று கையால் தொட்டுக் காட்டக்கூடிய விடைகள் கிடைக்கும். அவற்றில் ஒன்றை நாளை மாற்றிச் செய்யலாம். என் மதிப்பீட்டில் வளர்ச்சிக்கு இதுவே நம்பத்தகுந்த அளவுகோல்: சென்ற ஆண்டு செய்யாமல் விட்ட எதை இந்த ஆண்டு பதற்றத்தோடேயே செய்கிறீர்கள் என்பது. பதற்றம் எவ்வளவு குறைந்தது என்று அளந்துகொண்டிருப்பவர்கள் அளப்பதிலேயே நின்றுவிடுகிறார்கள்.

நினைக்காமல் இருக்க முயல்வதும் உதவாது. 1987இல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர், வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று சிலரிடம் சொல்லி, நினைவு வரும்போதெல்லாம் மணி அடிக்கச் சொன்னார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பின்னர் நினைக்கலாம் என்று விட்டபோது, தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட இவர்கள் அதிகமாக நினைத்தார்கள். ஆகவே கவலையைத் தடுக்காதீர்கள். அதற்கு நேரம் ஒதுக்குங்கள். தாமஸ் போர்கோவெக் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழுவினர் 1983இல் எழுதிய முறை இது: நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரை மணி நேரம் கவலைப்படுவதற்கென்றே உட்கார வேண்டும். மற்ற நேரத்தில் கவலை வந்தால் ஒரு சொல் குறித்துக்கொண்டு மாலைக்குத் தள்ளிவைக்க வேண்டும். படுக்கையறை அந்த இடமாக இருக்கக் கூடாது. மாலை ஆறு மணிக்கு அந்தச் சீட்டைப் பிரித்துப் பார்க்கும்போது, காலையில் மலையாகத் தெரிந்தவற்றில் பாதி என்னவென்றே நினைவிருக்காது.

எங்கள் தலைமுறையில் எவரும் பதற்றம் என்று மருத்துவரிடம் போனதில்லை. இதெல்லாம் இந்தக் காலத்துச் சொகுசு இல்லையா? — வாசகர், சிவகங்கை

மருத்துவரிடம் போனதில்லை என்பது சரி. மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டார்கள், வேப்பிலை அடித்துக்கொண்டார்கள். தனியே கடைத்தெருவுக்குப் போகாத பெண் அடக்கமானவள் என்று பெயர் வாங்கினாள். அவளுக்கு உள்ளே அச்சம் இருந்ததா என்று எவரும் கேட்கவில்லை. கூட்டத்தைக் கண்டால் ஒதுங்கிய ஆணுக்குக் கூச்ச சுபாவம், அவ்வளவுதான். சாராயத்தால் நெஞ்சுப் படபடப்பை அடக்கியவர்கள் எத்தனை பேர் என்பதை உங்கள் ஊரிலேயே விசாரித்துப் பாருங்கள்.

எந்த நிலையில் மருத்துவரிடம் போக வேண்டும்? மாத்திரை தொடங்கினால் ஆயுள் முழுவதும் விட முடியாது என்கிறார்களே? — வாசகி, திருநெல்வேலி

மிகையான கவலை பெரும்பாலான நாட்களில், ஆறு மாதத்துக்கு மேலாக நீடித்து, தூக்கம், வேலை, குடும்பம் ஆகியவற்றைக் கெடுக்குமானால் அது சிகிச்சைக்குரியது. பீதி அடிக்கடி வந்து, அதற்கு அஞ்சி வெளியே போவதைக் குறைத்துக்கொண்டால், ஆறு மாதம் காத்திருக்கத் தேவையில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. மருத்துவர் தைராய்டு பரிசோதனை எழுதிக் கொடுத்தால் வீண்செலவு என்று நினைக்காதீர்கள். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே படபடப்பும் நடுக்கமும் வரும். நாளுக்கு ஐந்தாறு காபி குடிப்பவர் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மாத்திரைகளை ஒரே கூடையில் போட்டுப் பேசுவதால்தான் அச்சம் வருகிறது. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்றவை போதைப் பழக்கத்தை உண்டாக்குபவை அல்ல. பயன் தெரிவதற்குச் சில வாரங்கள் ஆகும், அதற்குள் 'ஒன்றும் பலனில்லை' என்று நிறுத்திவிடுகிறவர்கள் ஏராளம். அல்பிரசோலம் போன்றவை அரை மணி, ஒரு மணி நேரத்தில் அமைதி தருபவை. ஆனால் தொடர்ந்து எடுத்தால் உடல் அவற்றைச் சார்ந்துவிடும். மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி இவற்றை மாதக்கணக்கில் வாங்கிச் சாப்பிடுவது ஆபத்தானது. எந்த வகையானாலும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்லும் வகையில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். குறிப்பிட்ட காலம் எடுத்து, பின்பு நிறுத்திவிட்டு நலமாக இருப்பவர்கள் பலர்.

மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு. நேரில் போகத் தயக்கமாக இருந்தால், 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். நேரில் போகும்போது இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் சீட்டுகளையும், நாட்டு மருந்து ஏதாவது எடுத்திருந்தால் அதன் விவரத்தையும் உடன் கொண்டுசெல்லுங்கள்.